யூனோஸ் ரோட்ஸ்டர்: எஞ்சினைப் பார்க்குமுன் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்

பழைய ஜப்பானியக் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "எஞ்சின் அழியாது" என்று சொல்லி முடித்துக்கொள்வது என்னைப் போன்ற கார்ப் பித்தர்களின் வழக்கம். அதில் பொய்யில்லை. ஆனால், துணிக்கூரையை மடக்கித் திறந்து ஓட்டும் இரு இருக்கைக் காரான முதல் தலைமுறை மாஸ்டா ரோட்ஸ்டர் ஒன்றைச் சில ஆண்டுகள் வைத்துப் பராமரித்தவன் என்ற முறையில், எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அதைச் சுற்றியுள்ள தகடும் ரப்பரும்தான் நம் பொறுமையைச் சோதிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 என அறிமுகமான இந்தக் கார், அதே ஆண்டில் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 120 குதிரைத்திறன், ஏறத்தாழ 940 கிலோ எடை. இந்த எண்களை மட்டும் பார்த்து மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்றால் பிணைத்திருப்பதால், ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே இழுவை முதுகில் தெரிகிறது. மணிக்கட்டை அசைத்தாலே கியர் மாறிவிடுகிறது.

விசித்திரங்களுக்கும் குறைவில்லை. முகப்பு விளக்குகளை எரியவிடாமலே மேலெழுப்ப டாஷ்போர்டில் தனிப் பொத்தான் உண்டு. மோட்டார் மக்கர் செய்தால், பானட்டைத் திறந்து ரப்பர் மூடிக்குக் கீழுள்ள குமிழைக் கையால் திருகி விளக்கைத் தூக்கிவிடலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் வால்வுப் பகுதியிலிருந்து தையல் இயந்திரம்போல் டிக் டிக் என்று ஓசை வரும். ஆயில் ஏறியதும் அடங்கிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. தொடக்க ஆண்டுகளின் ஆயில் அழுத்தமானி உண்மையான அழுத்தத்தைக் காட்டியது. பின்னர் வந்ததோ, அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும், முள் வைத்த எச்சரிக்கை விளக்கு என்ற அளவில்தான் பயன்படுகிறது. இந்த மாற்றத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

உண்மையான பகை தண்ணீர்தான். துணிக்கூரையின் மீது விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள துளைகள் வழியாக இறங்கி, பின்சக்கரங்களுக்கு முன்னால் வெளியேற வேண்டும். ஒருநாள் என் காரின் தரைவிரிப்பு நனைந்திருந்ததைக் கண்டு, கூரைதான் கிழிந்துவிட்டதென்று எண்ணி, அதைத் தடவித் தடவிப் பார்த்து நேரத்தை வீணடித்தேன். கடைசியில் அந்தத் துளைக்குள் நைலான் கம்பியை விட்டுக் குடைந்தபோது, மட்கிய இலைகள் கருஞ்சேறாக வெளிவந்தன. நான் சுத்தம் செய்யாமல் விட்டதுதான் காரணம். இரும்புக் கம்பியை மட்டும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் குழாயைத் துளைத்துவிடும். இப்படித் தேங்கும் நீர் கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டத்தை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்வதால், மேலே பளபளக்கும் பெயின்ட்டை நம்பி வாங்குவது பேதைமை.

ஆரம்ப ஆண்டுகளின் 1.6 எஞ்சினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க்‌ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது அந்த முனையின் போல்ட்டைச் சரியான அளவுக்கு இறுக்காவிட்டால், அங்குள்ள பெல்ட் சக்கரமான புல்லியை நழுவாமல் பிடித்திருக்கும் சாவித்தடம் தேய்ந்து, புல்லி ஆடத் தொடங்கும். புல்லியில் நான்கு பிளவுகள் இருந்தால் அது குட்டை வகை, எட்டு இருந்தால் திருத்தப்பட்ட வகை. மற்றபடி, பெல்ட்டே அறுந்தாலும் இந்த எஞ்சினில் வால்வு பிஸ்டனில் மோதாது என்பது பெரிய ஆறுதல்.

பாட்டரி டிக்கிக்குள் இருப்பதால், அடைக்கப்பட்ட வகையைத்தான் வைக்க வேண்டும். அமில ஆவி கசிந்தால் டிக்கித் தகட்டையே அரித்துவிடும். கூரையின் பின்ஜன்னல் கண்ணாடியன்று, பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளிக்கும், குளிரில் விறைக்கும். ஜிப்பைத் திறந்து அதைப் படுக்கவைத்த பிறகே கூரையை மடக்க வேண்டும் என்று தெரிந்திருந்தும், குளிர்காலக் காலை ஒன்றில் அவசரப்பட்டு அப்படியே மடக்கினேன். அன்று விழுந்த விரிசலின் வழியாகத்தான் இன்றும் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.