‘கூ’ என்று தட்டினால் பூட்டிக்கொள்ளும் கணினி: பிசிக்குள் மேக் ஓஎஸ் 9

மயிலாடுதுறையில் அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவர், பழைய மேக்கின்டாஷில் செய்த வேலைகளை இன்றைய பிசியில் திறப்பதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாட்டைத் தாமும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தொலைபேசியில் ‘தாராளமாக’ என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கேட்டிருந்தால் ‘வேண்டவே வேண்டாம்’ என்று சொல்லியிருப்பேன். இரண்டு பதிலுக்கும் காரணம் உண்டு என்பதால் இதை எழுதுகிறேன். அந்த ஏற்பாடு ஷீப்ஷேவர் என்ற எமுலேட்டர், அதாவது பழைய மேக்கைப் பிசிக்குள் போலச்செய்யும் மென்பொருள். அது எங்கே கிடைக்கும், எப்படி நிறுவுவது என்பவற்றை விளக்கப்போவதில்லை. அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாதவருக்கு இந்த வேலையே தேவைப்படாது.

எங்கள் அச்சகம் கும்பகோணத்தில் இருக்கிறது. திருமணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், தலபுராணச் சிறுநூல் ஆகியவைதாம் பிழைப்பு. தொண்ணூறுகளின் இறுதியில் வாங்கிய ஒரு பவர் மேக்கின்டாஷில், பேஜ்மேக்கர் 6.5 என்ற பக்க அமைப்பு மென்பொருளைக் கொண்டு பல ஆண்டுகள் கம்போசிங் செய்தோம். 2004 மகாமகத்திற்காகச் செய்த நூல்களும் அவற்றுள் அடங்கும். பன்னிரு சிவாலயங்கள், ஐந்து வைணவத் தலங்கள், குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்கள் என்று வரிசையாக வரும் அந்த நூல்களை 2016-இல் சிலர் மறுபதிப்பாகக் கேட்டார்கள். அடுத்த மகாமகம் 2028-இல் என்பதால் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கேட்பவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே நிபந்தனையை வைக்கிறார்கள்: எழுத்தும் அமைப்பும் அப்படியே இருக்க வேண்டும், தேதியும் உபயதாரர் பெயரும் மட்டும் மாற வேண்டும். அந்தப் பவர் மேக்கின்டாஷோ, உள்ளிருந்த மின்கலம் கசிந்து பலகையை அரித்துவிட்டதால், இப்போது அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அது உயிரோடு இருந்தபோதே அதன் ரோமை, அதாவது சில்லில் பதிந்திருந்த அடிப்படை நிரலை, நகலெடுத்து வைத்திருந்ததால்தான் இந்த எமுலேட்டர் எனக்குச் சாத்தியமாயிற்று.

விண்டோஸ் பேஜ்மேக்கரிலேயே அந்தக் கோப்புகளைத் திறக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வட்டாரத்தில் பேஜ்மேக்கர் 7-ஐ இன்றும் கைவிடாத அச்சகங்கள் பல இருப்பதால், அது நியாயமான கேள்வியே. ஆங்கிலக் கோப்பென்றால் திறந்துவிடலாம். தமிழ்க் கோப்பில் நடப்பது வேறு. அந்தக் காலத்து எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. மேக்கில் 194-ஆம் இடத்தில் இருக்கும் குறி விண்டோஸில் 172-ஆம் இடத்தில் இருப்பதால், மேக் கோப்பைத் திறக்கும் விண்டோஸ் பேஜ்மேக்கர் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அந்த எண்ணை நல்லெண்ணத்தோடு மாற்றிவிடுகிறது. அங்கே நம் எழுத்துருவில் வேறு வடிவம் இருக்கிறது, அல்லது எதுவுமே இல்லை. மேக்கில் உள்ள, ஆனால் விண்டோஸில் இல்லாத குறிகளின் இடத்தில் இருந்த எழுத்துகளை மீட்கவே முடிவதில்லை. பேஜ்மேக்கருக்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருளின் புதிய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்பது சரியான யோசனைதான். ஆனால் எங்கள் எழுத்துருவைச் செய்தவர்கள் தொழிலை விட்டுப் பல காலம் ஆகிவிட்டது. அதன் தடித்த, சற்றே சாய்ந்த தலைப்பெழுத்துக்கு இணையான யூனிகோடு எழுத்துரு எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் வரிகள் மடியும் இடங்கள் எல்லாம் மாறி, முழு நூலுக்கும் மீண்டும் புரூஃப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே எமுலேட்டர். பவர்பிசி செயலிக்கான கட்டளைகளை இன்டெல் வகைச் செயலிக்குப் புரியும்படி ஓடும்போதே பெயர்த்துக்கொடுக்கும் இந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதை நினைத்தால், ஷீப்ஷேவரைக் குறை சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கிறிஸ்டியன் பாவர் என்பவர் தொடங்கி, பின்னர் வந்தவர்கள் விலை வாங்காமல் வளர்த்த மென்பொருள் அது. நான் வைத்திருப்பது சாதாரண மேசைக் கணினி. அதற்குள் ஒரு சன்னலில் எழும் மேக் ஓஎஸ் 9.0.4, அசல் இயந்திரத்தில் எழுந்ததைவிட விரைவாக எழுகிறது. படங்கள் நிறைந்த பக்கத்தைத் திருப்பினால் தேநீர் குடித்துவிட்டு வரும் அளவுக்கு அவகாசம் தந்த பேஜ்மேக்கர், இப்போது கண்ணிமைப்பதற்குள் திருப்புகிறது. 2004-இல் செய்த நூலை முதன்முதலாக இதில் திறந்தபோது, அச்சிட்ட பிரதியை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். ஒரு வரிகூட இடம் மாறியிருக்கவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒற்றெழுத்து ஒன்றுகூட அடுத்த வரிக்கு நழுவாமல் நின்றதைப் பார்த்த மகிழ்ச்சியை, அச்சுத் தொழிலில் இல்லாதவருக்கு விளக்குவது கடினம்.

அச்சுக்கு அனுப்பும் வழியும் எதிர்பார்த்ததைவிட எளிதாக அமைந்தது. எமுலேட்டருக்குள் அச்சுப்பொறி எதுவும் இல்லை. லேசர்ரைட்டர் 8 இயக்கியில் அச்சுப்பொறிக்குப் பதிலாகக் கோப்பு என்று தேர்ந்தெடுத்து, எழுத்துருக்கள் அனைத்தையும் உள்ளடக்கச் சொன்னால், அச்சுப்பொறிக்குப் புரியும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் ஒரு கோப்பு கிடைக்கிறது. அதை விண்டோஸ் பக்கம் கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கிப் பிளேட் போடுபவரிடம் கொடுத்தால், அது எந்த யுகத்துக் கணினியிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிவதில்லை.

இனி, என் பொறுமையைச் சோதிக்கும் விசையைப் பற்றி.

மேக் விசைப்பலகையில் இடைவெளிப் பட்டைக்கு இடப்புறம் கமாண்ட் விசையும், அதற்கு அடுத்து ஆப்ஷன் விசையும் இருக்கும். பிசியில் அதே இடங்களில் ஆல்ட் விசையும் விண்டோஸ் விசையும் இருக்கின்றன. ஆகவே ஷீப்ஷேவர் ஆல்ட்டை கமாண்டாகவும் விண்டோஸ் விசையை ஆப்ஷனாகவும் எடுத்துக்கொள்கிறது. விரல் பழகிய இடத்திலேயே விசை இருக்க வேண்டும் என்ற நல்ல யோசனை அது. நானாக இருந்தாலும் அப்படித்தான் அமைத்திருப்பேன். தமிழ் எழுத்துருக்களிலோ, சாதாரண விசைகளிலும் ஷிஃப்ட்டிலும் அடங்காத கூட்டெழுத்துகள் ஆப்ஷனோடு சேர்த்துத் தட்டும் இடங்களில் இருக்கின்றன. எங்கள் எழுத்துருவில் ஆப்ஷனும் எல் விசையும் சேர்ந்தால் ‘கூ’ வரும். விண்டோஸிலோ, ஆப்ஷனாக நிற்கும் விண்டோஸ் விசையும் எல்லும் சேர்ந்தால் திரை பூட்டிக்கொள்ளும்.

திருமணப் பத்திரிகையில் ‘முகூர்த்தம்’ என்ற சொல் இல்லாமல் தீராது. தலபுராணத்தில் ‘கூறுவர்’, ‘கூடிய’, ‘கூத்தன்’ இல்லாத பக்கமே இல்லை. ‘மு’ வந்துவிடும், அடுத்த எழுத்துக்கு விரல் போனதும் மகாமகக் குளமும் மண்டபங்களும் மறைந்து, யாரோ எடுத்த மலைப்படமும் கடிகாரமும் திரையில் நிற்கும். கடவுச்சொல்லைக் கொடுத்துத் திரும்பி வந்தால் வேதனை முடிவதில்லை. விசையிலிருந்து விரலை எடுத்த செய்தி பூட்டுத்திரையோடு நின்றுவிடுகிறது. எமுலேட்டருக்கு அது போய்ச் சேராததால், ஆப்ஷன் இன்னும் அழுத்தப்பட்டிருப்பதாகவே மேக் நினைத்துக்கொள்கிறது. அடுத்துத் தட்டும் ‘ர்த்தம்’ முழுவதும் வேறேதோ எழுத்துகளாக வந்து விழுகிறது. விண்டோஸ் விசையை ஒருமுறை தட்டி விட்டால் அது சரியாகும் என்பதைக் கண்டறிவதற்குள் ஒரு பத்திரிகையின் பாதி அலங்கோலமாகிவிட்டது.

எமுலேட்டரின் அமைப்புகளில் விண்டோஸ் விசையைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் தெரிவு ஒன்று உண்டு. அதை இயக்கியதும் தொடக்கப் பட்டியல் எழுவதும் மேசைத்திரை வெளிப்படுவதும் நின்றுபோயின. எல் மட்டும் அடங்கவில்லை. பாதுகாப்பு கருதி அந்த ஒரு சேர்க்கையை வேறு எந்த நிரலும் இடைமறிக்க முடியாதபடி விண்டோஸ் வைத்திருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றிப் பூட்டும் வசதியையே நிறுத்திவிடலாம். நிறுத்தியும் பார்த்தேன். ஆனால் அதே கணினியில்தான் ஜிஎஸ்டி கணக்கும் வாடிக்கையாளர் பாக்கியும் இருக்கின்றன. தை மாதத்தில் பத்திரிகை கேட்டு வருபவர்கள் நாற்காலி கிடைக்கும் இடத்தில் எல்லாம் உட்காரும் கடையில், பூட்ட முடியாத கணினியை வைத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆப்ஷனை வேறு விசைக்கு மாற்றலாம். அல்லது ரெஸ்எடிட் என்ற திருத்தும் நிரலைக் கொண்டு மேக்கின் விசைப்பலகை அமைப்பையே திருத்தி ‘கூ’வை வேறு இடத்தில் வைக்கலாம். இரண்டும் செய்யக்கூடியவையே. அந்த மேக் வந்த நாள் முதல் எங்களிடம் கம்போசிங் பார்க்கும் அக்கா, விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டுபவர். மாற்றியமைத்த நாளன்று அரைப் பக்கம் அடித்துவிட்டு, “விசையை மாத்திட்டீங்க, விரலை யார் மாத்துறது தம்பி?” என்று கேட்டார். பழையபடியே வைத்துவிட்டேன். இப்போது ‘கூ’ வரும் இடங்களை அவர் வெறுமையாக விட்டுக்கொண்டே போகிறார். இறுதியில் நான் உட்கார்ந்து, வேறு பக்கத்திலிருந்து ‘கூ’வை நகலெடுத்து ஒவ்வொரு வெற்றிடத்திலும் ஒட்டுகிறேன். நண்பர் கேட்ட மறுநாள் ஒரு கோயில் அறங்காவலர் இந்தக் காட்சியைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே என் இரண்டாவது பதிலுக்குக் காரணம்.

மற்றவற்றில் எனக்குப் பெரிய குறை இல்லை. மின்வெட்டைப் பற்றி நண்பர் குறிப்பாகக் கேட்டார். யுபிஎஸ் கைவிட்ட நேரத்தில் எமுலேட்டர் திடீரென்று நின்றிருக்கிறது. அடுத்த முறை எழும்போது மேக் ஓஎஸ் தானாகவே வட்டைச் சரிபார்த்துக்கொள்கிறது. அதைவிட முக்கியம், அந்த மேக்கின் வட்டு முழுவதும் விண்டோஸில் ஒரே ஒரு கோப்பு. மாலையில் கடையைச் சாத்தும் முன் அதை வெளி வட்டில் நகலெடுத்துவிடுகிறேன். மறுநாள் எது கெட்டாலும் நேற்றைய மேக் அப்படியே கிடைக்கிறது. அசல் இயந்திரம் இருந்தவரை எனக்கு இந்த நிம்மதி ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு நிரல் தடுமாறினால் மொத்த இயங்குதளமும் உறைந்துபோவது எமுலேட்டரின் குற்றம் அன்று; மேக் ஓஎஸ் 9-இல் நிரல்களுக்கிடையே நினைவகச் சுவர் கிடையாது, அசலிலும் அப்படித்தான் உறையும்.

பழைய சிடிக்களை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். மேக் கோப்புக்குத் தரவுக் கிளை, வளக் கிளை என்று இரண்டு பகுதிகள் உண்டு. அந்தக் கால எழுத்துருக்கள் பெரும்பாலும் முழுமையாக வளக் கிளையிலேயே இருக்கும். அவற்றை யாராவது இடையில் பென் டிரைவ் வழியாகச் சாதாரண விண்டோஸ் கோப்புறைக்கு மாற்றியிருந்தால், பெயர் இருக்கும், அளவு பூஜ்யமாக இருக்கும். சிடியை எமுலேட்டருக்குள்ளேயே ஏற்றி, மேக் வட்டுக்கு நேரடியாக நகலெடுப்பதே பிழையில்லாத வழி. விண்டோஸுக்கும் எமுலேட்டருக்கும் பொதுவான பகிர்வுக் கோப்புறையில் வைத்தபடியே பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து வேலை செய்வதும் கூடாது.

கியூஇமூ என்ற இன்னொரு எமுலேட்டர் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். ஷீப்ஷேவர் 9.0.4-ஐத் தாண்டாது, கியூஇமூ நினைவக மேலாண்மையையும் போலச்செய்வதால் 9.2.2 வரை செல்லும். எங்கள் வேலைக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. கோப்புகளை உள்ளே கொண்டுபோய் வெளியே எடுப்பது ஷீப்ஷேவரில் எளிது. எதை வைத்தாலும் அந்த இயங்குதளத்தின் நாட்காட்டி 2040 பிப்ரவரி 6-ஆம் தேதியோடு தீர்ந்துபோகும். 2028-க்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வரும் மாசிக்கு அது ஒரு வாரம் முந்தியது. அந்த மறுபதிப்புக்கு வேறு யாராவது வழி பார்த்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மயிலாடுதுறை நண்பருக்கு என் பதில்: வேண்டாம். மேலே எழுதியதைப் படிப்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். பாராட்டுதான் அதிகம், குறை ஒரே ஒரு விசை. ஆனால் அந்த ஒரு விசையோடு நாள் முழுவதும் உட்கார வேண்டியவர் மென்பொருளை நிறுவுபவர் அல்லர், தட்டச்சு செய்பவர். அவரிடம் சமாதானம் சொல்ல வேண்டியவர் அச்சக உரிமையாளர். நண்பரிடம் இருப்பவை ஏழெட்டு நூல்கள்தாம். அவற்றில் தேதி மாற்றுவதற்காக ரோம் தேடி, இயங்குதளச் சிடி தேடி, கம்போசிங் பார்ப்பவரோடு மனத்தாங்கல் வைத்துக்கொள்ள அவருக்கு அவசியம் இல்லை. சிடிக்களை என்னிடம் கொடுத்தால் திருத்திப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுகிறேன். தை முகூர்த்தங்கள் முடிந்தபின் கொண்டுவரட்டும். திருத்தங்களைத் தனித்தாளில் எழுதித் தராமல், அச்சிட்ட பழைய பிரதியிலேயே சிவப்பு மையில் குறித்துத் தர வேண்டும். ‘கூ’ வரும் இடங்களைத் தனியே வட்டமிட்டுத் தந்தால் கட்டணத்தில் குறைத்துக்கொள்கிறேன்.