குரோவேஷியாவில் பாய்மரப் படகு எடுக்கப் போகிறீர்களா? டெபாசிட் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது கோடை விடுமுறைக்குக் குரோவேஷியா பக்கம் திரும்பியிருக்கிறார்கள். 2023 ஜனவரி 1 அன்று அந்நாடு ஷெங்கனிலும் யூரோவிலும் ஒன்றாகச் சேர்ந்தது. அதிலிருந்து வழக்கமான எல்லைச் சோதனையும் இல்லை, பணம் மாற்றும் வேலையும் இல்லை. அங்கே கரையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள், திட்டுகள். ஸ்பிளிட் என்ற துறைமுக நகரில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து பிராச், ஹ்வார், விஸ் என்று தீவு தீவாக நிதானமாகச் சுற்றுவது நானும் என் மனைவியும் நெடுநாளாகப் பேசிவைத்திருந்த பயணம். ஜெர்மனியிலிருந்து செப்டம்பரில் போய்வந்தோம். கடலைப் பற்றி ஒரு குறையும் இல்லை. படகு கொடுத்த கம்பெனிதான், நாங்கள் செய்யாத சேதத்துக்கு எங்கள் டெபாசிட்டிலிருந்து 1,400 யூரோவை எடுத்துக்கொண்டது.

அங்கே இந்த வாடகை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஏமாற்று எங்கே நுழைகிறது என்பது புரியும். படகோட்டத் தேவையான உரிமங்கள் இருந்தால் நீங்களே ஓட்டலாம். இல்லாவிட்டால் ஸ்கிப்பர், அதாவது படகை ஓட்டுபவர், ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு நாள் சம்பளம் தனி, சாப்பாடு நம் பொறுப்பு, ஒரு அறையும் அவருக்குப் போய்விடும். சனிக்கிழமை மாலை படகைக் கையில் கொடுப்பார்கள். அடுத்த வெள்ளி மாலைக்குள் மரினா என்னும் படகுத்துறைக்குத் திரும்பிவிட வேண்டும், சனி காலையில் இறங்க வேண்டும். இணையத்தில் காட்டும் வாடகை முழுத் தொகை அல்ல. சுத்தம் செய்யும் கட்டணம், படுக்கை விரிப்பு, கரைக்குப் போய்வரும் சிறு டிங்கிப் படகின் மோட்டார், சுற்றுலா வரி எல்லாம் அங்கே போனபின் கேட்பார்கள். இதில் மோசடி இல்லை, ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

மோசம் சனிக்கிழமை மாலையில் ஆரம்பித்தது. நாங்கள் முன்பதிவு செய்த 2021ஆம் ஆண்டுப் படகு பழுதாகிவிட்டதாம். ‘அதே தரத்தில்’ வேறொன்று தருவதாகக் காட்டிய படகு பன்னிரண்டு வருடம் பழையது. வாடகையில் குறைப்பு கிடையாது. மாற்றுப் படகு தர ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார்கள். சரி, விடுமுறையைச் சண்டையோடு தொடங்க வேண்டாம் என்று ஏறினோம். அன்று மரினாவில் திருவிழாக் கூட்டம். அலுவலக ஆள் ஒரு பலகையில் சரிபார்ப்புத் தாளைச் செருகிக்கொண்டு வந்தார். கரண்டி, தட்டு, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் எண்ணிக் காட்டினார். ‘நீருக்கு அடியில்’ என்ற கட்டத்தில், எங்கள் கண்முன் யாரும் தண்ணீரில் இறங்காமலே, ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. கேட்டதற்கு, காலையிலேயே டைவர் பார்த்துவிட்டார் என்றார். வீடியோ கேட்டோம். எடுப்பதில்லை என்றார். டெபாசிட்டாக 2,500 யூரோவை என் கார்டில் பிடித்துவைத்தார்கள்.

பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கடலுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். கோடையில் அங்கே பெரும்பாலும் பகல் ஏறியபின் வடமேற்கிலிருந்து ஒரு காற்று வரும். அதை மாயெஸ்திரால் என்கிறார்கள். மாலையில் தானாக அடங்கிவிடும். ஹ்வாருக்கு எதிரே உள்ள பாக்லெனி தீவுகளிலிருந்து விஸ் நோக்கிப் போன பிற்பகலில், ஸ்கிப்பர் எஞ்சினை அணைத்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாய் விம்மி, தண்ணீர் உரசும் ஓசை மட்டும் கேட்டது. என் மனைவி சுக்கானைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். யூகோஸ்லாவியா காலத்தில் விஸ் ராணுவத் தளமாக இருந்தது. 1989 வரை வெளிநாட்டவரை அங்கே விடவில்லை. அதனால்தானோ என்னவோ இன்றும் அந்தத் தீவில் பெரிய ஹோட்டல் கூட்டம் இல்லை.

சாப்பாட்டில் ஒரு கவனம் வேண்டும். பல விரிகுடாக்களில் படகைக் கட்ட உணவகங்களே மிதவை போட்டிருக்கும். அங்கே சாப்பிட்டால் படகைக் கட்டுவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஸ்கிப்பர் தனக்குப் பழகிய இடத்துக்குத்தான் கூட்டிப்போவார். மீன் விலை கிலோ கணக்கில் எழுதியிருக்கும், சுடும் முன்பே எடை போடச் சொல்லுங்கள்.

வெள்ளி மாலை திரும்பினோம். கம்பெனியின் டைவர் இறங்கினார். இந்த முறை கையில் கேமரா இருந்தது! படகின் அடியில் இறங்கி நிற்கும் கீலில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் என்று வீடியோவைக் காட்டினார்கள். பாறையில் தட்டியிருக்கிறீர்கள், 1,400 யூரோ என்றார் அலுவலகத்தில் இருந்தவர். எங்கேயும் அடி தட்டவே இல்லை என்று ஸ்கிப்பர் எங்களிடம் சொன்னார். அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த வாரமும் அவருக்கு வேலை கொடுப்பது அதே கம்பெனிதானே. ஸ்கிப்பரை வைத்தால் சேதப் பொறுப்பு அவருடையது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஒப்பந்தத்தில், யார் ஓட்டினாலும் டெபாசிட் வாடகைக்கு எடுத்தவருடையதுதான்.

என் மனைவி தூத்துக்குடிக்காரி. வள்ளங்களைக் கரையேற்றி அடியைச் சுரண்டுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள். வீடியோவை நிறுத்தச் சொல்லி, திரையைத் தொட்டு, “ஏங்க, இங்க பாருங்க, கொட்டலசு” என்றாள். படகின் அடியில் ஓடு ஓடாக ஒட்டி வளரும் சிறு கடலுயிரிதான் கொட்டலசு. கீறலுக்கு உள்ளேயே, பெயின்ட் போன இடத்தில், மிளகளவில் வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசு ஒட்டியிருந்தது. பக்கத்தில் பச்சைப் பாசி. புதிதாகப் பட்ட கீறல் பளிச்சென்று இருக்கும். இந்த அளவு கொட்டலசு வளர வாரக்கணக்கில் ஆகும். இதை விளக்கிச் சொன்னபோது அந்த ஆள் திரையைப் பார்க்கவே இல்லை. விமானத்துக்கு நேரமாகவில்லையா என்று எங்களைக் கேட்டார். அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நாம் ஊருக்குத் திரும்பியாக வேண்டும் என்பதை வைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது.

ஆனால் கிளம்பும் முன் இரண்டு காரியம் செய்தோம். அவர்கள் வீடியோ ஓடும்போதே அதை என் போனில் பதிவு செய்துகொண்டேன். சேதத் தாளில் ‘ஏற்கவில்லை, கீறல் பழையது’ என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். தாளை வெறுமனே கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நீங்கள் போவதாக இருந்தால், கிளம்பும் முன்பே நீருக்கடிப் பகுதியின் வீடியோவைத் தேதியோடு கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த மறுப்பையே சரிபார்ப்புத் தாளில் எழுதுங்கள். அப்புறம், முதல் நாள் நங்கூரம் போடும் இடத்திலேயே முகமூடி மாட்டி இறங்கிக் கீல், சுக்கான், புரொப்பெல்லர் மூன்றையும் படமெடுத்து, அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு, சாதாரண நீர்ப்புகா கேமரா போதும். கீறல் பழையதா புதியதா என்ற பேச்சுக்கே அப்புறம் இடமிருக்காது. டெபாசிட்டுக்குப் பதிலாகத் திரும்பி வராத ஒரு சிறு காப்பீட்டுத் தொகை கட்டும் வழியும் பல கம்பெனிகளில் உண்டு. அதில் எவையெல்லாம் அடங்காது என்பதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

பணம் போய்விட்டால் கார்டு கொடுத்த வங்கியில் உடனே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்கள், வேறொரு உறுப்பு நாட்டுக் கம்பெனியோடு தகராறு என்றால், தங்கள் நாட்டிலுள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்தில் இலவசமாக முறையிடலாம். ஜெர்மனிக்கான மையம் கேல் (Kehl) என்ற ஊரில் இருக்கிறது. எங்கள் வீடியோவையும் தாளையும் அங்கேதான் கொடுத்திருக்கிறோம். கம்பெனி இதுவரை 500 யூரோ திருப்பித் தர முன்வந்திருக்கிறது, ‘நல்லெண்ணத்தின் பேரில்’ என்று. நாங்கள் வாங்கவில்லை. மீதி 900 யூரோவுக்கும் சேர்த்தே முறையீடு நடக்கிறது, அது முடியும்வரை கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை.