‘எல்லாப் பாத்திரமும் ஆகும் மேடம்’

கருப்புக் கண்ணாடி போட்ட கரண்ட் அடுப்பு வாங்கி மேடையில் பதிக்கலாம் என்று நினைப்பவர்கள், கல்லை வெட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விவரம் தெரிந்தது வெட்டிய பிறகுதான்.

நான் கடைக்குள் போகும்போது குழப்பமே இல்லை. எனக்கு வேண்டியது இன்டக்ஷன் ஹாப், அதாவது மேடையில் பதிக்கிற இன்டக்ஷன் அடுப்பு. வீட்டில் எதைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கிற வயதில் ஒரு பிள்ளை, கண் பார்வை மங்கிக்கொண்டு வரும் அம்மா. தீ இருக்கக் கூடாது, பாத்திரத்தை எடுத்ததும் அடுப்பு தானாக நிற்க வேண்டும், கண்ணாடியில் கை பட்டால் கொப்புளம் போடக் கூடாது. “இன்டக்ஷன்” என்று வாயைத் திறந்துதான் கேட்டேன்.

விற்பனையாளர் நன்றாகவே காட்டினார். கண்ணாடிமேல் ஒரு செய்தித்தாள், அதன்மேல் பாத்திரம், பாத்திரத்தில் தண்ணீர். சில நிமிடத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. தாளை உருவிக் காட்டினார், கருகவே இல்லை. கூட நின்ற இரண்டு பேர் கைதட்டாத குறை. அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன்: “எங்க வீட்ல பாதி அலுமினியம். செம்பு அடி வச்சது நாலஞ்சு இருக்கு. அதெல்லாம் இதுல ஆகுமா?”

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அப்ப இந்த மாடல் எடுங்க. எல்லாப் பாத்திரமும் ஆகும் மேடம்” என்று பக்கத்து ஷெல்ஃபைக் காட்டினார். அதே கருப்பு, அதே நாலு வட்டம், அதே தொடு பட்டன். விலையிலும் கொஞ்சம் இறக்கம். “இதுவும் இன்டக்ஷன்தானே?” என்றேன். “கண்ணாடி டாப் எல்லாம் ஒண்ணுதான் மேடம்” என்றார்.

இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன், அந்த ஆள் ‘ஆமாம்’ என்று சொல்லவே இல்லை.

மேலே இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிதான். கண்ணாடிக்குக் கீழேதான் ஜாதகம் வேறு. இன்டக்ஷனில் அடியில் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். அதில் நொடிக்கு 20,000 தடவைக்கும் மேல் திசை மாறும் மின்சாரம் ஓடும். அதன் காந்தப்புலம் பாத்திரத்தின் அடித்தகட்டிலேயே சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, சூட்டை அங்கேயே பிறக்கவைக்கும். அதாவது சூடாவது அடுப்பு அல்ல, பாத்திரம். கண்ணாடியில் இருப்பது பாத்திரத்திலிருந்து இறங்கிய சூடு மட்டும். எனக்குத் தலையில் கட்டியது ரேடியன்ட் செராமிக். அட்டைப்பெட்டியில் ‘ஹை-லைட்’ என்று போட்டிருந்ததை ஏதோ விளக்கு வசதி என்று நினைத்துக்கொண்டேன். அதில் கண்ணாடிக்கு அடியில் சுருண்டு கிடப்பது பழைய காயில் ஹீட்டரில் இருந்ததே, அதன் நாகரிகமான பேரன்: சிவக்கச் சிவக்கக் காயும் ஒரு உலோக ரிப்பன். முதலில் அது காயும், பிறகு கண்ணாடி காயும், அதற்குப் பிறகுதான் பாத்திரம்.

அதனால்தான் அதில் எல்லாப் பாத்திரமும் ஆகிறது. இதுதான் எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டிய இடம். சாதாரண இன்டக்ஷனில் அலுமினியம், செம்பு, மண், கண்ணாடி எதுவும் வேலைக்காகாது; காந்தம் ஒட்டும் அடி வேண்டும். எந்த உலோகத்தையும் சூடாக்கும் இன்டக்ஷன் ஜப்பானில் விற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் மண்சட்டியைச் சூடாக்காது, கடைக்காரர் போகிறபோக்கில் எடுத்துக் கொடுக்கிற சரக்கும் அல்ல அது. ஆக, ‘எல்லாப் பாத்திரமும் ஆகும்’ என்பது இன்டக்ஷனின் பெருமை அல்ல, அது இன்டக்ஷனே இல்லை என்பதற்கு விற்பனையாளர் கொடுத்த வாக்குமூலம். நான் அதைச் சலுகையாக எடுத்துக்கொண்டேன்.

கல் வெட்டி, பதித்து, முதல் நாள் மாலை பட்டனைத் தொட்டதும் வட்டம் சிவப்பாக எரிந்தது. சில விநாடியில் அணைந்தது. மறுபடி சிவந்தது. பழுது என்று நினைத்து போன் செய்தேன். பழுது இல்லையாம். சூடு எல்லை மீறாமல் இருக்க ரிப்பனை விட்டுவிட்டு எரிப்பது அதன் வேலை முறையாம், அது உண்மைதான். அப்போதுகூட எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் அம்மா, அடுப்பு அணைத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், கழுவிய பிளாஸ்டிக் வடிகட்டியை அந்தக் கருப்பு வட்டத்தின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டார். சிவப்பு இல்லை, தீ இல்லை, அவர் கண்ணுக்கு அது வெறும் மேடை. நான் நாற்றம் வந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது வடிகட்டியின் விளிம்பு கண்ணாடியோடு ஒட்டி, தூக்கினால் நூல்நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. மூலையில் ‘எச்’ என்று ஒரு பொடி எழுத்து எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி இன்னும் சுடுகிறது என்பதற்கு அடையாளம் அது. பொதுவாக 50, 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை அணையாது. கடையில் இதை யாரும் காட்டவில்லை. வடிகட்டி இருந்த இடத்தில் பிள்ளையின் உள்ளங்கை இருந்திருந்தால் என்று நினைத்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தயாரித்த நிறுவனத்தின் உதவி எண்ணில் மாடல் எண்ணைச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார்: “இந்த மாடல்ல இன்டக்ஷன் கிடையாதுங்க. ரேடியன்ட் மட்டும்தான்.” பில்லை எடுத்துப் பார்த்தேன். ‘கிளாஸ் டாப் ஹாப், 4 ஜோன்’. அவ்வளவுதான். இன்டக்ஷன் என்றோ ரேடியன்ட் என்றோ ஒரு எழுத்து இல்லை. கடையில் போய்ச் சண்டை போட்டதற்கு, “பில்லுல இன்டக்ஷன்னு இல்லையே மேடம். கல்லு வெட்டி மாட்டியாச்சு, இனிமே யூஸ்டு பீஸ்” என்று பதில். எழுத்தில் இல்லாத பேச்சுக்கு நான் எங்கே போய் சாட்சி தேட?

இதோடு முடியவில்லை. மாட்ட வந்த ஆள் ஏற்கெனவே இருந்த 16 ஆம்பியர் பாயின்ட்டில் இணைத்துவிட்டு, “எந்த பாயின்ட்லயும் ஓடும்” என்று போய்விட்டார். இரண்டு வட்டம் எரிந்தால் சரி. மூன்றாவதைத் தொட்டால் எம்.சி.பி., அதாவது அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச், ட்ரிப். திரும்பக் கூப்பிட்டதற்கு வந்து, அந்த எம்.சி.பி.யைக் கழற்றி 32 ஆம்பியர் போட்டார். ட்ரிப் நின்றது. எனக்கும் பரம சந்தோஷம். ஒரு வாரம் கழித்துச் சுவிட்ச் பெட்டியில் கை வைத்தால் இதமாகச் சுட்டது. நல்லவேளையாக, எங்களுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்தவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“எம்.சி.பி. காப்பாத்துறது வயரைத்தான்க்கா, அடுப்பை இல்ல” என்றார்.

உள்ளே ஓடியது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். 16 ஆம்பியரோடு நிறுத்தியிருந்த காவல்காரனை எடுத்துவிட்டு, 32 வரை கண்ணை மூடிக்கொள்கிறவனை வைத்திருக்கிறார்கள். ஹாப்பின் அடித்தகட்டில் 6,300 வாட் என்று இருந்தது. 230 வோல்ட்டால் வகுத்தால் 27 ஆம்பியருக்கு மேல். அவர் அன்றைக்கே பழைய எம்.சி.பி.யைத் திரும்பப் போட்டு, மெயின் போர்டிலிருந்து தனியாக 6 சதுர மில்லிமீட்டர் வயர் இழுக்கச் சொன்னார். நாலு வட்ட இன்டக்ஷனாக இருந்தாலும் இதே கதைதான், பல மாடல்கள் 7,000 வாட்டுக்கு மேல் போகும். சாதாரண பாயின்ட்டில் ஓடுவதற்கென்றே மொத்தச் சக்தியைக் குறைத்துக் கட்டிய மாடல்களும் வருகின்றன, ஆனால் அவற்றில் நாலு வட்டத்தையும் முழு வேகத்தில் வைக்க முடியாது. வாங்கும் முன் அடித்தகட்டு எண்ணை போனில் படம் பிடித்து உங்கள் எலக்ட்ரீஷியனுக்கு அனுப்பிவிடுங்கள். கடைக்காரரின் எலக்ட்ரீஷியனுக்கு அல்ல.

கேஸ்தான் நிம்மதி என்று சொல்ல வருகிறவர்களுக்கு என் தம்பி வீட்டுக் கதை. அவனுக்கும் இதே பல்லவி: “எந்த கேஸுக்கும் ஆகும் சார்.” குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கான ஹாப்பைக் கொண்டுவந்து சிலிண்டரில் மாட்டினார்கள். தீ மஞ்சளாக, வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது; பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. ஒரே கன அளவுக்கு சிலிண்டர் கேஸில் இயற்கை எரிவாயுவைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு சூடு இருக்கிறது. அதனால் சிலிண்டருக்கு என்றால், பர்னருக்குள் வாயுவைப் பீய்ச்சும் ஜெட்டின் துளை சின்னதாக இருக்க வேண்டும். பெரிய துளையில் விட்டால் அத்தனை வாயு எரியக் காற்று போதாது. கரியும், கூடவே கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் வரும். “காத்து ஷட்டரைத் திருப்பினா சரியாயிடும்” என்று வந்த ஆள் திருப்பிக்கொண்டே இருந்தார். சரியாகவில்லை, ஆகாது. ஜெட் மாற்றிய பிறகுதான் தீ நீலமானது. கேஸ் ஹாப்பில் நான் விடாமல் கேட்கச் சொல்வது தீ அணைந்தால் வாயுவை நிறுத்தும் வால்வு. பற்றவைத்தபின் குமிழைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். பர்னர் பக்கத்தில் நிற்கும் சின்னக் கம்பி சூடாகி அந்த வால்வைப் பிடித்து வைக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. குறை இல்லை.

ரேடியன்ட் மட்டமான சரக்கு என்று நான் சொல்லவில்லை. அலுமினியமும் செம்பும்தான் புழக்கம், கேஸ் வேண்டாம், வீட்டில் சின்னப் பிள்ளை இல்லை என்பவர்களுக்கு அது சரியாகவே வரும், அடி தட்டையாக இருந்தால் போதும். குழிந்த அடிப் பாத்திரம்தான் அதிகம் என்றால் இரண்டு கண்ணாடியும் வேண்டாம், கேஸ் போதும். இன்டக்ஷனிலும் தொல்லை உண்டு. பாத்திரம் பார்த்து வாங்க வேண்டும், விசிறி இரையும், வேகத்தைக் கூட்டினால் சில பாத்திரம் முனகும். உடம்பில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் 60 சென்டிமீட்டராவது தள்ளி நிற்கச் சொல்வார்கள். சமைக்கிறவருக்கே அது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இன்டக்ஷன் வாங்கக் கூடாது. என் ஆத்திரம் அடுப்பின்மேல் இல்லை, ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கட்டிக்கொடுத்ததன்மேல்.

கடையிலேயே கண்டுபிடிக்க வழி சுலபம். நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலைக் கரண்டில் போடச் சொல்லி, பாத்திரம் எதுவும் வைக்காமல் பட்டனைத் தொடுங்கள். இன்டக்ஷன் என்றால் ஏதோ ஒரு குறி மினுக்கிவிட்டுச் சும்மா இருக்கும், சூடாகாது. ரேடியன்ட் என்றால் சிவக்கும். பக்கத்து மாடலில் காட்டுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், என் விஷயத்தில் எல்லாம் அங்கேதான் நடந்தது. பையில் ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம் இருக்கட்டும். வீட்டுப் பாத்திரங்களின் அடியில் அதற்கு முந்தின நாளே ஒட்டிப் பார்த்திருங்கள். 18/10 என்று பொறித்த நல்ல எவர்சில்வரே சிலசமயம் ஏமாற்றும், அடியில் தனியாக இரும்புத் தகடு வைத்திருந்தால்தான் ஒட்டும். பில்லில் மாடல் எண்ணோடு ‘இன்டக்ஷன்’ என்ற சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

மேடையில் துளை போடுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். 60 சென்டிமீட்டர் ஹாப்புக்குப் பெரும்பாலும் 56-க்கு 49 என்றுதான் வரும், ஆனால் பெரும்பாலும்தான். கையேட்டில் உள்ள வரைபடத்தைப் பார்த்துத்தான் கத்தி வைக்க வேண்டும். இன்டக்ஷன் என்றால் அடியில் விசிறிக்குக் காற்று போக இடம் விட வேண்டும். எனக்கு அங்கே நெருக்கி ஒரு டிராயர் இருக்கிறது. அடுத்த ஹாப் வரும்போது அதையும் கழற்றியாக வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.

அதுவரை இந்த அடுப்புதான். முன்பக்க வட்டத்தில் வடிகட்டியின் தழும்பு, பிளேடால் சுரண்டியும் போகாமல், அரைவட்டமாக இருக்கிறது. அம்மா இப்போதெல்லாம் அடுப்புப் பக்கம் போவதற்கு முன் கூடத்திலிருந்தே கேட்கிறார்: “அந்த எழுத்து அணைஞ்சிருச்சா பாரு.” நான் போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எழுந்து வருகிறார்.