116 படிகளுக்குக் கீழே ஷாம்பெய்ன்

மாட்டுங்காவில் உள்ள ஒரு பயண முகவர் வழியாகப் பாரிஸ் சென்றபோது, ஷாம்பெய்ன் வட்டாரத்துக்கு ஒரு நாள் போய்வரும் ஏற்பாட்டிலும் நானும் என் மனைவியும் சேர்ந்துகொண்டோம். யுனெஸ்கோ 2015இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மூன்று பகுதிகளையும் காட்டுவதாக அவர் தந்த தாளில் அச்சிட்டிருந்தது. உருப்படியாகப் பார்த்தது ரீம்ஸ் நகரில் ஷாம்பெய்ன் மது தயாரிக்கும் போமெரி நிறுவனத்தின் நிலவறையை மட்டும்தான்.

116 படிகள் இறங்கினால் தரைக்கு ஏறத்தாழ 30 மீட்டர் கீழே நிற்கிறோம். ரோமானியர் காலத்தில் சுண்ணக்கல் வெட்டியெடுத்த குழிகளை 19ஆம் நூற்றாண்டில் லூயிஸ் போமெரி என்ற அம்மையார் சுரங்கப் பாதைகளால் இணைத்ததில் உருவான இந்த நிலவறை, மொத்தம் 18 கிலோமீட்டர் நீளம். அண்ணாந்து பார்த்தால், குறுகிக்கொண்டே போகும் கூம்பின் உச்சியில் தட்டளவு பகல் தெரிகிறது. சுவரைத் தொட்ட விரலில் வெள்ளை ஒட்டிக்கொள்ள, "வெத்தலைதான் இல்லை" என்றாள் மனைவி. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே 10 டிகிரிதான் என்பதை முகவர் சொல்லவில்லை. ஸ்வெட்டர்கள் பேருந்திலேயே கிடந்தன.

புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, அடியில் படியும் ஈஸ்ட் வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவர, சாய்த்துச் செருகிய புட்டிகளைச் சிறிது சிறிதாகத் திருப்பும் முறையை வழிகாட்டி நிதானமாக விளக்கினார். கழுத்தை உறையவைத்து மூடியைத் திறந்ததும், உள்ளே கார் டயரைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்காக இருக்கும் அழுத்தமே வண்டலை வெளியே தள்ளிவிடுகிறது. எங்கள் குழுவில் பாதிப் பேர் மதுவைத் தொடாதவர்கள். அவர்களுக்கும் இந்த இடம் அலுக்கவில்லை.

கடைசியில் தந்த ஒரு கோப்பை ப்ரூட் வகை. எல்லோரும் தித்திப்பாகவே குடித்துவந்த காலத்தில், இப்படி இனிப்பைக் குறைத்த ஷாம்பெய்னை 1874இல் கொண்டுவந்தவரும் அதே அம்மையார்தான். எனக்குப் புளிப்பு சற்றுத் தூக்கலாகப் பட்டது.

அதன் பிறகு முகவரின் கைவரிசை தொடங்கியது. ஒரு கடையில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு, எபெர்னேயின் புகழ்பெற்ற ஷாம்பெய்ன் சாலையைப் பேருந்துச் சன்னல் வழியாகக் காட்டினார்கள். ஷாம்பெய்னோடு சேர்த்துப் பேசப்படும் துறவி டொம் பெரிஞ்ஞோன் அடக்கமாகியுள்ள ஓவில்லேர் தேவாலயத்துக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மும்பை திரும்பிக் கேட்டதற்கு, அடுத்த பயணத்தில் சலுகை தருவதாகச் சொன்னார்களே தவிர, பணத்தைப் பற்றிப் பேச்சில்லை.

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ரீம்ஸ் முக்கால் மணி நேரம்தான். நிலவறைக்கு முன்பதிவு செய்துகொண்டு நாமே போய்விடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும், இறங்கிய 116 படிகளையும் திரும்ப ஏற வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.