ஜாவாவுக்குள் ப்ரோலாக்: ஜேபிஎல்லை வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். (ப்ரோலாக் என்பது விதிகளை எழுதி வைத்துக் கேள்வி கேட்கும் நிரல்மொழி; எஸ்டபிள்யூஐ அதை ஓட்டும் மென்பொருள்களில் ஒன்று.) ஜாவாவையும் எஸ்டபிள்யூஐ ப்ரோலாகையும் இணைக்கும் ஜேபிஎல் நூலகத்தை நம்பி ஒரு நிஜமான மென்பொருளில் வைக்கலாம். ஆனால் அது தரும் வசதிகளில் பாதியை மட்டும் தொட்டால் போதும். மீதிப் பாதி கையேட்டில் படிக்க அழகாக இருக்கும், ஓட்டும்போதுதான் தலைவலி.

எங்கள் மென்பொருள் ஆவணங்களைப் பாதுகாத்து வைப்பது. யார் எதைப் பார்க்கலாம், யார் திருத்தலாம், யார் கண்ணிலேயே படக்கூடாது என்று விதிகள் ஏராளம். ஆள் ஒரு குழுவில் இருப்பார், அந்தக் குழு இன்னொரு குழுவுக்குள் இருக்கும், ஆவணம் ஒரு கோப்புறைக்குள் இருக்கும், அதற்கு ஒரு விதிவிலக்கு, அந்த விதிவிலக்குக்கு இன்னொரு விதிவிலக்கு. ஜாவாவில் இதெல்லாம் பக்கம் பக்கமாக இஃப்-எல்ஸாகக் கிடந்தது. ஒன்றைத் தொட்டால் எங்கே எது உடையும் என்று யாருக்கும் தெரியாது. அதே சங்கதியின் மையம் ப்ரோலாகில் இவ்வளவுதான்:

அனுமதி(_ஆள், _ஆவணம்) :-
    உறுப்பினர்(_ஆள், _குழு),
    உரிமை(_குழு, _ஆவணம்),
    \+ தடை(_ஆள், _ஆவணம்).

இதில் ‘:-’ என்றால் ‘பின்வருபவை உண்மையானால்’, காற்புள்ளி என்றால் ‘மேலும்’, ‘\+’ என்றால் ‘இல்லை’. எஸ்டபிள்யூஐ யூனிகோடை ஏற்கும் என்பதால் இது அப்படியே ஓடும். மாறியின் பெயர் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும் என்பது ப்ரோலாகின் சட்டம். தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால்தான் அந்த அடிக்கோடுகள். இவை பின்னால் ஒரு வேடிக்கை காட்டும், அங்கே வருகிறேன்.

இந்த நான்கு வரியின் அருமை, ஆளைக் கொடுத்தால் அவர் பார்க்கக்கூடிய ஆவணங்கள் வரும். ஆவணத்தைக் கொடுத்தால் அதைப் பார்க்கக்கூடிய ஆட்கள் வருவார்கள். தணிக்கைக்கு வருபவர்கள் கேட்பது எப்போதும் இரண்டாவது கேள்விதான். ஜாவாவில் அதற்குத் தனியாக ஒரு செயல்கூறு எழுதி, முதலாவதோடு அது ஒத்துப்போகிறதா என்று காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: தடை வரி கடைசியில் இருப்பது தற்செயல் இல்லை. அதை முதலில் வைத்து ஆளை நிரப்பாமல் கேட்டால், ‘இந்த ஆவணத்துக்கு யாருக்குமே தடை இல்லையா?’ என்று கேள்வியே மாறிவிடும். ஒரே ஒருவருக்குத் தடை இருந்தாலும் பட்டியல் முழுவதும் காலி.

சரி, இணைப்புக்கு வருவோம். ப்ரோலாக் 1972 வாக்கில் மார்செய்யில் பிறந்தது. ஜாவா வெளிவந்தது 1995-ல். ஒன்றை மனதில் வைத்து மற்றொன்று உருவாகவில்லை. ஜேபிஎல் இரண்டுக்கும் நடுவே சி மொழியில் ஒரு பாலம் போடுகிறது: ஒரு பக்கம் ஜாவாவிலிருந்து சி நிரலை அழைக்க உதவும் ஜேஎன்ஐ, மறுபக்கம் எஸ்டபிள்யூஐயின் சி இடைமுகம். ஆகவே ப்ரோலாக் எஞ்சின், ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம் ஓடும் அதே ப்ராசஸுக்குள்தான் ஓடுகிறது. வேகம் கிடைப்பது அதனால்தான். பின்னால் வரும் சில தொல்லைகளும் அதனால்தான்.

நிறுவுவது ஒருமுறை வேலை, ஆனால் எரிச்சலான வேலை. ஜார் கோப்பு (ஜாவா நூலகப் பொதி) கிளாஸ்பாத்தில், அதாவது ஜாவா தேடும் இடத்தில், இருந்தால் மட்டும் போதாது. ஜேபிஎல்லின் நேட்டிவ் நூலகம் (அதன் சி பகுதி), ப்ரோலாகின் மைய நூலகம், ப்ரோலாக் நிறுவப்பட்ட கோப்புறை மூன்றும் எங்கே இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். நூலகங்களில் ஒன்று தவறினால் ‘அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்’. ஜார் ஒரு பதிப்பிலிருந்தும் நேட்டிவ் நூலகம் வேறொரு பதிப்பிலிருந்தும் வந்தால் அதைவிட விசித்திரமான பிழைகள் வரும். இரண்டையும் ஒரே ப்ரோலாக் நிறுவலிலிருந்து எடுத்துக் கன்டெய்னருக்குள் பூட்டிவிடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களில் பேக்கேஜ் பெயர் வெறும் ஜேபிஎல் என்றிருந்தால், அவை ஏழாம் பதிப்புக்கு முந்தியவை. இப்போது அது ‘ஓஆர்ஜி டாட் ஜேபிஎல்7’. பெயரை மாற்றினாலே பாதி உதாரணங்கள் உயிர்பெறும்.

ஜாவா பக்கத்தில் க்வெரி என்ற வகுப்புதான் எல்லாம். கேள்வியைக் கொடுத்து ‘ஒன் சொல்யூஷன்’ என்றால் முதல் விடை வரும், ‘ஆல் சொல்யூஷன்ஸ்’ என்றால் எல்லாம் வரும். ஒவ்வொரு விடையும் மாறியின் பெயரையும் மதிப்பையும் கொண்ட ஒரு மேப். இங்கேதான் நான் சொன்ன வேடிக்கை. பெயர் அடிக்கோட்டில் தொடங்கும் மாறி என்றால், கேட்பவருக்கு அதன் மதிப்பு தேவையில்லை என்று ஜேபிஎல் எடுத்துக்கொள்ளும். ஆகவே கேள்வியில் தமிழ் மாறி வைத்தால் விடை கிடைக்கும், ஆனால் மேப் காலியாக இருக்கும்! இதை அணைக்க ‘செட் டிடிஎம் மோட்’ என்று ஒரு வசதி உண்டு. நாங்கள் அதைத் தொடவில்லை. விதிகளுக்குள் தமிழ் மாறிகள், ஜாவாவிலிருந்து போகும் கேள்வியில் மட்டும் பெரிய ஆங்கில எழுத்து என்று வைத்துக்கொண்டோம்.

கேள்வியைச் சரத்தை ஒட்டிக் கட்டக்கூடாது. பயனர் பெயரில் ஒரு மேற்கோள் குறி வந்தால் கேள்வி உடையும். யாராவது வேண்டுமென்றே வைத்தால் உடைவதோடு நிற்காது. எஸ்க்யூஎல்லில் கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாக அனுப்புவது போலவே ஜேபிஎல்லிலும் கேள்விக்குறி உண்டு. அதை மட்டுமே பயன்படுத்துங்கள்.

இனி விஷயத்தின் நடு மையம். ஜாவாவில் ஒரு செயல்கூறை அழைத்தால் ஒரு விடை வரும், கதை முடிந்தது. ப்ரோலாகில் விடை என்பது ஒரு வரிசை. முதல் விடையைத் தந்துவிட்டு, ‘இன்னும் வேண்டுமா?’ என்று அது காத்துக்கொண்டிருக்கும். ஜாவா பக்கத்தில் ‘நெக்ஸ்ட் சொல்யூஷன்’ என்று ஒவ்வொன்றாக வாங்கும்போது அந்தக் காத்திருப்பு திறந்தே கிடக்கிறது. கேள்வி கேட்ட த்ரெட்டோடு, அதாவது ஜாவாவில் தனியாக ஓடும் அந்த வேலை இழையோடு, ஒரு ப்ரோலாக் எஞ்சின் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. பாதியில் ஜாவாவில் ஒரு எக்ஸெப்ஷன் கிளம்பி, மூடாமல் வெளியே போய்விட்டால் கேள்வி அப்படியே தொங்கும். வெப் சர்வரில் அதே த்ரெட் அடுத்த கோரிக்கைக்கும் வரும் அல்லவா? புதுக் கேள்வி பழையதன் மேல் ஏறி உட்காரும். மேலே இருப்பதை மூடாமல் கீழே இருப்பதைத் தொடவும் ஜேபிஎல் விடாது. பிழை தெரிவது ஓரிடம், காரணம் இருப்பது யாரோ ஒருவரின் முந்தைய கோரிக்கையில்.

எங்கள் குழுவில் இதற்கு ஒரே சட்டம்தான்: எல்லையைத் தாண்டி ஒரு கேள்வி போகும், எல்லா விடைகளும் மொத்தமாக வரும், அங்கேயே மூடப்படும். ‘ஒன்’, ‘ஆல்’ இரண்டும் தாமாகவே மூடிக்கொள்ளும். விடைகள் எக்கச்சக்கமாக வருமென்றால் ‘என் சொல்யூஷன்ஸ்’ என்று எண்ணிக்கை கொடுத்து வாங்கலாம். ஒவ்வொன்றாக வாங்கும் வழியைக் கோட் ரெவ்யூவிலேயே நிறுத்திவிடுவோம். நேர்த்தியான வழி என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரவில் யாரையும் எழுப்பாத வழி.

எழுப்பும் விஷயம் வேறு: வகைகள். பேக்கேஜை நட்சத்திரம் போட்டு இறக்குமதி செய்தால் ஜேபிஎல்லின் இன்டிஜர் வகுப்பும் ஜாவாவின் இன்டிஜரும் மோதி, எது என்று தெரியவில்லை எனக் கம்பைலர் நிற்கும். அது பரவாயில்லை, கம்பைலர் கத்திவிடுகிறது. கத்தாமல் இருப்பதுதான் ஆபத்து. எஸ்டபிள்யூஐ ஏழாம் பதிப்பிலிருந்து இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் அது ஸ்ட்ரிங், ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் ஆட்டம் (atom, ப்ரோலாகில் பெயர்களைக் குறிக்கும் வகை). "மேலாளர்" வேறு, 'மேலாளர்' வேறு, இரண்டும் பொருந்தாது. தரவுத்தளத்திலிருந்து வந்த பெயர் ஒரு வழியில் ஸ்ட்ரிங்காகவும் இன்னொரு வழியில் ஆட்டமாகவும் உள்ளே போனால் ப்ரோலாக் பிழை சொல்லாது. ‘இல்லை’ என்று சொல்லும். அனுமதி விதிகளில் ‘இல்லை’ என்பது முறையான விடை! ஆளுக்குக் கதவு மூடுகிறது, லாகில் எதுவும் இல்லை, எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே தெரியும். காலிப் பட்டியலும் இதே ரகம்: ஏழாம் பதிப்பில் [] என்பதும் மேற்கோளுக்குள் எழுதிய '[]' என்பதும் ஒன்றல்ல. ஜாவாவிலிருந்து உள்ளே போகும் ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஒரு வகுப்பு வழியாக, பெயரென்றால் ஆட்டமாக மட்டுமே போக வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாடு மட்டும் இல்லையென்றால் ஜேபிஎல்லை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான் தொட வேண்டாம் என்று சொன்ன பாதி, ப்ரோலாகிலிருந்து ஜாவாவை அழைப்பது. ‘ஜேபிஎல் நியூ’ என்றால் ஆப்ஜெக்ட் பிறக்கும், ‘ஜேபிஎல் கால்’ என்றால் அதன் மெத்தட் ஓடும். விதிக்குள்ளிருந்தே நேராக ஜாவா ஆப்ஜெக்டைக் கேட்டுவிடலாம் என்பது பெரிய ஆசைதான். ஆனால் ப்ரோலாக் ஒரு வழியில் போய் முட்டினால் திரும்பி வந்து வேறு வழி பார்க்கும். அப்படித் திரும்பும்போது தன் மாறிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். ஜாவா ஆப்ஜெக்டில் செய்த மாற்றத்தை அதனால் திரும்பப் பெற முடியாது. கணக்கைக் கூட்டும் ஒரு மெத்தட் விதியின் நடுவில் இருந்தால், முட்டித் திரும்பும் ஒவ்வொரு முறையும் கணக்கு கூடிக்கொண்டே போகும். அப்புறம், ஆப்ஜெக்டுக்குள் என்ன இருக்கிறது என்று ப்ரோலாக் பார்க்காது. அதற்கு அது ஒரு கைப்பிடி மட்டும்தான். உள்ளடக்கம் ஒன்றாக இருக்கும் இரண்டு ஆப்ஜெக்டுகள் யூனிஃபிகேஷனில், அதாவது ப்ரோலாக் இரண்டைப் பொருத்திப் பார்க்கும் முறையில், பொருந்தாது. இவ்வளவு சிரமப்பட்டு ப்ரோலாகைக் கொண்டுவந்ததே பொருத்திப் பார்க்கத்தான்! ஆகவே எங்களிடம் உள்ளே போவது தரவு மட்டும். ஆப்ஜெக்டுகள் ஜாவாவின் எல்லையைத் தாண்டுவதில்லை.

குழுவுக்குள் குழு என்ற சங்கதியில் யாராவது ஒரு வட்டம் போட்டுவிட்டால், அதாவது அ-வுக்குள் ஆ, ஆ-வுக்குள் அ என்றால், சாதாரண ப்ரோலாக் விதி முடிவில்லாமல் சுற்றும். விதிக்கு மேலே ஒரு டேபிள் அறிவிப்பு போட்டால் தீர்ந்தது. கண்ட விடைகளை நினைவில் வைத்துக்கொண்டு, வட்டமாக இருந்தாலும் நின்றுவிடும். ஆனால் அந்த நினைவு பழசாகலாம். ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கிய பிறகும் பழைய அட்டவணை ‘இருக்கிறார்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். டேபிளையும் அதன் அடியில் இருக்கும் டைனமிக் (ஓடும்போதே மாறும்) தரவையும் இன்க்ரிமென்டல் என்று அறிவித்தால்தான் தரவு மாறும்போது அட்டவணையும் புதுப்பிக்கப்படும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடமென்றால் இதைத் தவறவிடவே கூடாது. இன்னொன்று, இந்த அட்டவணைகள் இயல்பாக த்ரெட்டுக்குத் த்ரெட் தனித்தனி. ஒரே கேள்வி ஒரு முறை சட்டென்றும் அடுத்த முறை மெதுவாகவும் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

மெமரியைப் பொறுத்தவரை, ஜாவா ஆப்ஜெக்டுகள் இருக்கும் ஹீப்புக்கு எக்ஸ்எம்எக்ஸ் என்ற அமைப்பில் என்ன எல்லை போட்டாலும் ப்ரோலாகுக்கு அது தெரியாது. அதன் ஸ்டாக் எல்லை 64 பிட் கணினியில் இயல்பாக 1 ஜிபி, அதுவும் த்ரெட் ஒன்றுக்கு. ஜேவிஎம் வரைபடங்களில் எல்லாம் சமதளமாகத் தெரியும்போதே கன்டெய்னர் மெமரி தீர்ந்து சாகலாம். ஸ்டாக் எல்லையைக் குறைத்து வைத்தால், தாண்டும்போது ஒழுங்கான எக்ஸெப்ஷன் கிடைக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் கேள்விகளுக்கு, படிகளின் எண்ணிக்கைக்கு எல்லை போடும் ‘கால் வித் இன்ஃபெரன்ஸ் லிமிட்’ போதும். நேட்டிவ் பகுதியிலேயே ஏதாவது முறிந்தால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. ட்ரை-கேட்ச் எதுவும் பிடிக்காது, ஜேவிஎம்மே விழுந்துவிடும். அரிதுதான். அதைத் தாங்கவே முடியாத இடமென்றால் ப்ரோலாகைத் தனி ப்ராசஸில் ஓட்டி நெட்வொர்க் வழியாகப் பேசுங்கள்.

எதிர்பாராமல் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. விதிகள் தனிக் கோப்பில் இருப்பதால் அவற்றைச் சோதிக்க ஜாவாவைக் கிளப்பவே வேண்டாம். ப்ரோலாக் கன்சோலில் கோப்பை ஏற்றிக் கேள்வி கேட்கலாம், ப்ரோலாகின் சோதனைக் கருவியான பிஎல்யூனிட்டில் சோதனைகள் எழுதலாம். சர்வர் கிளம்பக் காத்திருக்கும் நேரத்தில் பல விதிகளைச் சோதித்து முடித்துவிடலாம்.

வேறு வழிகளையும் பார்த்தோம். நேட்டிவ் நூலகமே வேண்டாம் என்பவர்களுக்கு பொலோன்யா பல்கலைக்கழகத்தில் உருவான டியூப்ரோலாக் இருக்கிறது. முழுக்க ஜாவா, ஜாரைச் சேர்த்தால் வேலை முடிந்தது. விதிகள் குறைவாகவும் தரவு சின்னதாகவும் இருந்தால் அதையே எடுப்பேன். ஜாவாவுக்கான விதி எஞ்சினான ட்ரூல்ஸ் நல்ல கருவிதான், ஆனால் அதன் இயல்பான போக்கு தரவிலிருந்து கிளம்பி முடிவை நோக்கிப் போவது. எங்களுக்கு வேண்டியது கேள்வியிலிருந்து கிளம்பிக் காரணத்தைத் தேடுவது. உங்கள் மென்பொருள் பைத்தானில் இருந்தால், அதையும் ப்ரோலாகையும் இணைக்கும் ஜேனஸைப் பாருங்கள். விடை நேராக டிக்‌ஷனரியாக வருகிறது, ஜேபிஎல்லில் டெர்ம்களை (ப்ரோலாக் மதிப்புகளை) பிரித்துப் பிரித்து எடுக்கும் அந்தச் சலிப்பு இல்லை.

இன்றுவரை தீராத ஒரு குறை, ‘ஏன் இல்லை?’ என்ற கேள்வி. அனுமதி கிடைக்காதவர் காரணம் கேட்பார். ப்ரோலாக் ‘பொய்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளும். ஜேபிஎல்லும் அதைத்தான் கடத்தும். ‘க்ளாஸ்’ (clause) என்ற உள்ளமைந்த வசதியால் விதியின் உடலை எடுத்து, ஒவ்வொரு நிபந்தனையாக நடந்து, எது வரை போய் நின்றது என்று சொல்லும் ஒரு சின்ன விளக்கியை எழுதி வைத்திருக்கிறோம். உறுப்பினர் வரியில் நின்றதா, தடை வரியில் நின்றதா என்று தெரிந்தாலே ஆதரவுக் குழுவின் வேலை பாதியாகிறது. ஆனால் ஒரு ஆள் ஐந்து குழுக்களில் இருந்து, ஐந்தும் வெவ்வேறு வரிகளில் நின்றால், அவருக்கு எந்தக் காரணத்தைக் காட்டுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.