டீச்சர்ஸ் டேக்கு சாப்பாடா, கிஃப்டா?

செப்டம்பர் 5 வந்தாலே எங்க பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல இதே சண்டைதான். 1962ல இருந்து ராதாகிருஷ்ணன் பொறந்தநாள டீச்சர்ஸ் டேன்னு கொண்டாடுறாங்க, நாங்க இன்னும் ஒரு முடிவுக்கு வரல. ரெண்டையும் செஞ்சு பாத்தவ சொல்றேன்.

செலவு: ஆயாம்மா, வாட்ச்மேன் எல்லாம் சேத்து 30 பேர். வாழையிலை சாப்பாடு தலைக்கு 150ன்னா 4,500ல முடிஞ்சிடும். கிஃப்ட் 300க்கு கீழ உருப்படியா ஒண்ணும் கிடைக்காது, 9,000 ஆயிடும்.

அலைச்சல்: கிஃப்ட்னா ஒருத்தர் கடைக்கு போனா போதும். சாப்பாடுன்னா கேட்டரிங்காரர், பரிமாற ஆள், எச்சி இலை எடுக்க ஆள், ஹெச்எம் பர்மிஷன், அதோட எல்லாரும் சேந்து உக்காரணும்னா அந்த நேரம் நாலு அம்மாங்க கிளாஸ்ல பிள்ளைங்கள பாத்துக்கணும், அதுதான் பெரிய கூத்து.

எத்தன நாளைக்கு: சாப்பாடு அன்னிக்கோட சரி. கிஃப்ட் நிக்கும்னு பாத்தா, போன வருஷ பேனா ஸ்டாண்ட் கவர் கூட பிரிக்காம ஸ்டாஃப் ரூம் பீரோ மேல கிடக்கு. அதுக்கு முந்தி குடுத்த ஸ்டீல் டிபன் பாக்ஸ் மட்டும் டெய்லி கையில பாக்குறேன்.

ஆனா ஒண்ணு, சாப்பாட்டுல ஆயாம்மாவயும் டீச்சருங்க பக்கத்துலயே உக்கார வெச்சோம், பாயசம் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கி குடிச்சாங்க. கிஃப்ட் வருஷம் அவங்க பேரே லிஸ்ட்ல விட்டுப்போச்சு, எங்க தப்புதான்.

சின்ன ஸ்கூல், கூட நிக்க அஞ்சாறு பேர் வருவாங்கன்னா சாப்பாடு போடுங்க. எல்லாரும் ஆபீஸ் போறவங்கன்னா டிபன் பாக்ஸ் வாங்குங்க, லிஸ்ட்ட வாட்ச்மேன்ல இருந்து ஆரம்பிங்க.