சோட்டெரோவின் ஆசிரியர் பெட்டி

ஆதாரங்களைச் சேமித்துவைத்துப் பட்டியலிட்டுத் தரும் மென்பொருளான சோட்டெரோவைப் பற்றி, ஆய்வேடு எழுதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "சோட்டெரோ போட்டுவிட்டால் துணைநூற்பட்டியல் தானே வந்துவிடுமா?" வந்துவிடும். புத்தகம், ஆய்விதழ்க் கட்டுரை என்றால் பெரும்பாலும் சரியாகவே வரும். இணையப் பக்கம் என்றால்தான் ஆசிரியர் பெட்டி இத்தனை ஆண்டுகளாகியும் எரிச்சலைக் கிளப்புகிறது.

உலாவியில் சோட்டெரோ பொத்தானை அழுத்தியதும், பக்கத்தின் மீத்தரவில் (தலைப்பு, ஆசிரியர், தேதி என்று பக்கத்துக்குள் பொதிந்திருக்கும் விவரங்களில்) உள்ளதை அது அப்படியே எடுத்துக்கொள்ளும். பல தளங்கள் அதை ஒழுங்காக நிரப்புவதே இல்லை. ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் 'அட்மின்' என்று கிடக்கும். நிறுவனத்தின் பெயர், ஆள் பெயரைப்போல இரண்டாக உடைந்துவிடும். அப்படி உடைந்தால் 'வேர்ல்டு ஹெல்த் ஆர்கனைசேஷன்' என்பது ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) பட்டியலில் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று அச்சாகும். டபிள்யூ வரிசையில் வர வேண்டியது ஓ வரிசைக்குப் போய்விடுவதால், தேடுபவர் கண்ணில் படாது. பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தி, இரண்டு கட்டங்களை ஒன்றாக்கி, முழுப் பெயரையும் அதிலேயே இடுங்கள். ஒரு சொடுக்கு வேலைதான். ஆனால் இணையப் பதிவு ஒவ்வொன்றிலும் கண் வைக்க வேண்டியிருக்கிறது!

அங்கேயே இன்னும் சிலவற்றையும் பாருங்கள். நிறுவனமே ஆசிரியர் என்றால், ஏ.பி.ஏ. 7ஆம் பதிப்பின்படி தளத்தின் பெயரைத் திரும்பச் சொல்லக் கூடாது. 'வெப்சைட் டைட்டில்' பெட்டியைக் காலியாக விடுங்கள். நாளிதழ்ச் செய்தி 'வெப் பேஜ்' என்று பதிவாகியிருந்தால் வகையை மாற்றுங்கள். இல்லையென்றால் நாளிதழின் பெயர் சாய்வெழுத்தில் வராமல் செய்தியின் தலைப்பு சாய்ந்து நிற்கும். பார்த்த தேதி, அடிக்கடி மாறும் பக்கங்களுக்குத்தான் ஏ.பி.ஏ.வில் தேவை; மற்றவற்றுக்கு 'ஆக்சஸ்டு' பெட்டியை அழித்துவிடலாம். எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கத்தின் மேற்கோள் முறை) 9ஆம் பதிப்பில் அது விருப்பம்தான். முகவரியில் 'யுடிஎம்' என்று தொடங்கும், வருகையைக் கண்காணிக்கும் வாலை வெட்டுங்கள், வெட்டிய முகவரி திறக்கிறதா என்றும் பாருங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் சில தளங்களில் பக்கமே வராது.

திருத்தங்களைச் சோட்டெரோவின் நூலகத்தில்தான் செய்ய வேண்டும். வேர்டில் பட்டியலின் மேலேயே கை வைத்தால், அடுத்த 'ரிஃப்ரெஷ்' அத்தனையையும் அழித்துவிடும். சமர்ப்பிக்கும் நாளில் மாணவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, மனம் நிறைந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தைச் சேமிக்கும்போதே அதன் நகலையும் சோட்டெரோ வைத்துக்கொள்கிறது. தளம் மறைந்துபோனாலும் நாம் படித்த வரி கணினியில் இருக்கும். வாசகருக்கும் அது கிடைக்க வேண்டுமானால் இணையப் பக்கங்களைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்திலும் சேமித்து, அந்த முகவரியைக் கொடுங்கள். சோட்டெரோவின் இலவசக் கணக்கில் கோப்புகளுக்கு 300 எம்.பி.தான் இடம், நகல்கள் சீக்கிரமே நிரப்பிவிடும். கோப்பு ஒத்திசைவை நிறுத்தினால் பதிவுகள் மட்டும் தடையில்லாமல் ஒத்திசையும்.

அந்த நகல் ஒன்றுக்காகவே இதை விட மனம் வராது. ஆனாலும் நண்பருக்குச் சொன்ன பதில்: முதல் கட்டுரைக்கு வேண்டாம். பத்து இணைய ஆதாரங்களைக் கையால் எழுதிப் பழகிய பிறகு நிறுவுங்கள். அதற்கு முன் நிறுவினால், 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' கண்ணெதிரே நின்றாலும் தவறென்று தெரியாது.